உடம்பே இல்லாத கணினிக்கும் பிளக் உண்டு, தெரியுமா?

அம்பத்தூர் எஸ்டேட் வழியாக ஷேர் ஆட்டோவில் போகிறவர்களுக்கு அந்தக் கட்டடங்கள் பழகிப்போயிருக்கும். ஒரு பக்கம் லேத் சத்தம், இன்னொரு பக்கம் ஃபவுண்டரி. நடுவே சன்னலே இல்லாத ஒரு பிரம்மாண்டப் பெட்டி, அதன் பின்புறம் வரிசையாக லாரி அளவு ஜெனரேட்டர்கள். உள்ளே என்ன உற்பத்தியாகிறது தெரியுமா? ஒன்றுமே ஆவதில்லை! அங்கே கணினிகள் குடியிருக்கின்றன. அதுவும் வாடகைக்கு!

1960-களில் சிறுதொழிலுக்காக உருவான எஸ்டேட் இது. சைக்கிள், போல்ட், பம்ப், பிரேக் என்று செய்து வளர்ந்த மண். இன்று என்.டி.டி. நிறுவனத்தின் சென்னை-2 டேட்டா சென்டர் வளாகம் இங்கேதான் 6 ஏக்கரில் இருக்கிறது. 2023-ல் அது தொடங்கியபோது சொன்ன கணக்கு, கணினிகளுக்கு மட்டும் 34.8 மெகாவாட்! புரூக்ஃபீல்டும் ஜியோவும் டிஜிட்டல் ரியால்ட்டியும் சேர்ந்து நடத்தும் டிஜிட்டல் கனெக்ஷன், 2024 ஜனவரியில் தன் முதல் மையத்தைத் திறந்ததும் இதே எஸ்டேட்டில்தான். முதல் கட்டம் 20 மெகாவாட், வளாகம் முழுதும் நிறைந்தால் 100 மெகாவாட். எஸ்.டி.டி. நிறுவனத்துக்கும் அம்பத்தூரில் இடம் உண்டு. காரணம் எளிது. கடற்கரையில் கரையேறும் கடலடி கேபிள்கள் ஒரு பக்கம், தொழிற்பேட்டைக்கென்றே போட்ட மின்வசதி இன்னொரு பக்கம்.

சரி, அந்த வாடகைக் கதைக்கு வருவோம். கொரட்டூரிலோ திருமுல்லைவாயலிலோ ஒரே காம்பவுண்டுக்குள் ஆறு போர்ஷன் கட்டி வாடகைக்கு விட்ட வீட்டைப் பார்த்திருப்பீர்கள். கிணறு ஒன்று, மோட்டார் ஒன்று, மொட்டை மாடி ஒன்று, குடித்தனம் ஆறு. டேட்டா சென்டருக்குள் இருக்கும் பல இரும்பு சர்வர்களும் அப்படித்தான். ஒரே இரும்புப் பெட்டிக்குள் பத்து, இருபது, ஐம்பது மெய்நிகர் கணினிகள். சர்வர் பார்க்கும் நாங்கள் 'வி.எம்.' என்போம். ஒவ்வொன்றும் தனக்கென்று தனி பிராசஸர், தனி டிஸ்க், தனி நெட்வொர்க் கார்டு இருப்பதாக நம்பிக்கொண்டிருக்கிறது. அந்த நம்பிக்கையைக் குலையாமல் காப்பாற்றும் மென்பொருளுக்குப் பெயர் ஹைப்பர்வைசர். அதுதான் ஹவுஸ் ஓனர்.

இன்னும் கேளுங்கள்! கே.வி.எம். என்ற ஹைப்பர்வைசரில் ஓடும் எத்தனையோ வி.எம்.கள் இன்றைக்கும் தாம் உட்கார்ந்திருக்கும் மதர்போர்டு இன்டெல்லின் 440எஃப்எக்ஸ் என்று நினைத்துக்கொண்டிருக்கின்றன. அந்தச் சிப்செட் வெளிவந்த வருஷம் 1996! இந்த நூற்றாண்டின் இரும்புக்குள், போன நூற்றாண்டு மதர்போர்டின் கனவு.

இப்போது தலைப்பில் சொன்ன அதிசயம். உடம்பே இல்லாத இந்தக் கணினியில், அது ஓடிக்கொண்டிருக்கும்போதே, புது டிஸ்க்கை மாட்டலாம்! நெட்வொர்க் கார்டைச் செருகலாம், பிடுங்கலாம்! இதற்குத்தான் ஹாட் பிளக் என்று பெயர். ராத்திரி இரண்டு மணிக்கு ஒரு டேட்டாபேஸ் சர்வரில் டிஸ்க் நிரம்பி வழிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் காலத்தில் சர்வரை நிறுத்தி, மூடியைக் கழற்றி, டிஸ்க்கை ஸ்க்ரூ போட்டு முடுக்கி, திரும்ப எழுப்ப வேண்டும். இன்றைக்கு வீட்டில் கட்டிலில் உட்கார்ந்தபடியே லேப்டாப்பில் நாலு கிளிக். சர்வர் கண் இமைப்பதற்குள் புது டிஸ்க் வந்து நிற்கிறது. வாடிக்கையாளர் ஒருவருக்குக்கூடத் தெரியாது.

ஆனால் மாட்டத் தெரிந்த கைக்குக் கழற்றவும் தெரியுமே! அந்தக் கை யாருடையது? ஓனருடையதா, குடித்தனக்காரருடையதா? இந்தக் கேள்வியின் மேல் எனக்கு இவ்வளவு அக்கறை வந்ததற்கு ஒரு காரணம் உண்டு.

சில வருஷங்களுக்கு முன், எஸ்டேட் பக்கம் ஒரு அலுவலகத்தில் நான் சர்வர் பார்த்துக்கொண்டிருந்தேன். புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர், ஆவடியிலிருந்து ரயிலில் வருவார், வேலையில் கெட்டி. நைட் ஷிஃப்டில் ரிமோட் டெஸ்க்டாப் வழியாக ஒரு விண்டோஸ் சர்வரில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். திரை முழுக்க சர்வர்தான் தெரிகிறது. வேலை முடிந்து, தன் லேப்டாப்பில் செருகியிருந்த பென் டிரைவை எடுக்க நினைத்தவர், கடிகாரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் அந்தச் சின்ன ஐகானை அழுத்தினார். 'பத்திரமாகக் கழற்று' என்று சொல்லும் அதே ஐகான். ஆனால் அது லேப்டாப்பின் ஐகான் இல்லை, சர்வருடையது! பட்டியலில் ஒரே ஒரு பெயர் இருந்தது: 'விஎம்எக்ஸ்நெட்3 ஈதர்நெட் அடாப்டர்'. பென் டிரைவுக்கு ஏதோ புதுப் பெயர் போல என்று நினைத்து அழுத்திவிட்டார்.

திரை அப்படியே உறைந்து நின்றது. ஏன் தெரியுமா? அவர் சர்வருக்குள் நுழைந்திருந்ததே அந்த நெட்வொர்க் கார்டு வழியாகத்தான்! நுனிக்கிளையில் உட்கார்ந்து அடிக்கிளையை வெட்டிய கதை. ஒரே நிமிஷத்தில் எனக்கு போன்.

"அண்ணா, சர்வர் காணோம்ணா."

"காணோம்னா? ஹேங் ஆயிடுச்சா?"

"பிங் போகலண்ணா. நான் பென் டிரைவ் எடுத்தேன், அவ்ளோதான்."

போய்ப் பார்த்தால் சர்வர் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. அதன் உடம்பிலிருந்து நெட்வொர்க் கார்டு மட்டும் மறைந்துபோயிருந்தது. செட்டிங்ஸில்கூட அந்த வரி இல்லை! நிஜக் கணினி என்றால் கார்டு எங்கேயாவது மேஜை மேல் கிடக்கும். இங்கே காற்றில் கரைந்துவிட்டது. புதுக் கார்டு மாட்டினோம். அதற்குப் புது மேக் முகவரி. விண்டோஸ் அதை வேறு கார்டு என்று நினைத்து வேறு பெயர் வைத்தது. பழைய ஐ.பி. முகவரியைக் கொடுத்தால், அது ஏற்கெனவே இன்னொரு அடாப்டருக்குத் தரப்பட்டிருக்கிறது என்கிறது. எந்த அடாப்டர்? காற்றில் கரைந்த அதே அடாப்டர்! டிவைஸ் மேனேஜரில் மறைந்த சாதனங்களைக் காட்டச் சொல்லிப் பார்த்தால், மங்கலான எழுத்தில் பழைய கார்டு ஆவிபோல உட்கார்ந்திருந்தது. அதையும் நீக்கிவிட்டு சர்வரை மீட்கும்போது வெளியே டீக்கடையில் பால் காய்ச்ச ஆரம்பித்திருந்தார்கள்.

அந்தத் தம்பி மேல் எனக்கு அன்றைக்கும் கோபம் வரவில்லை, இன்றைக்கும் இல்லை. குடித்தனக்காரர் கைக்கெட்டும் இடத்தில் மெயின் ஃபியூஸை வைத்தவர்கள்தான் பதில் சொல்ல வேண்டும். இந்த விபத்து உலகம் முழுக்க நடந்திருக்கிறது. அந்த ஹைப்பர்வைசரைத் தயாரிக்கும் விஎம்வேர் நிறுவனமே இதற்கென்று ஒரு வழிமுறைக் குறிப்பு எழுதி வைத்திருக்கிறது. மருந்து ஒரே ஒரு வரி! வி.எம்.மின் அமைப்புக் கோப்பில் 'டிவைசஸ் டாட் ஹாட்பிளக்' என்பதற்கு நேரே 'ஃபால்ஸ்' என்று எழுத வேண்டும். வி.எம்.மை ஒருமுறை முழுதாக நிறுத்தி எழுப்பினால் அந்த ஐகானில் கார்டின் பெயரே வராது. அதற்குப் பதிலாகச் சிலர் விண்டோஸ் ரெஜிஸ்ட்ரியில் கைவைப்பார்கள். ஒவ்வொரு சாதனத்துக்கும் 'கேப்பபிலிட்டீஸ்' என்று ஓர் எண் அங்கே இருக்கும். அதில் 4 என்ற பிட் இருந்தால் கழற்றக்கூடியது என்று பொருள். அந்த 4-ஐக் கழித்துவிட்டால் ஐகானிலிருந்து பெயர் போய்விடும்! ஆனால் சர்வர் மறுபடி பூட் ஆகும்போதெல்லாம் அந்த எண் பழையபடி வந்து உட்கார்ந்துகொள்ளும். ஓனர் பக்கம் பூட்டுவதுதான் பூட்டு.

எஸ்டேட்டில் பழைய எலக்ட்ரீஷியன்களிடம் ஒரு பழக்கம் உண்டு. மெஷினில் கை வைப்பதற்கு முன் ஃபியூஸ் கேரியரைக் கழற்றித் தன் சட்டைப் பைக்குள் போட்டுக்கொள்வார்கள். வேலை முடியும்வரை வேறு யாரும் கரண்ட் கொடுத்துவிட முடியாது. அந்த ஒற்றை வரி செய்கிற வேலையும் அதேதான்.

இப்போது எனக்கு ரொம்பப் பிடித்த அதிசயம். நிஜ சர்வர்களில், பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் கார்டுகளை ஓட ஓடக் கழற்றும் வசதி இருந்தால், ஸ்லாட்டுக்குப் பக்கத்தில் ஒரு பட்டனும் ஒரு சின்ன விளக்கும் இருக்கும். பட்டனை அழுத்தினால் விளக்கு மினுக் மினுக்கென்று 5 விநாடி கண் சிமிட்டும். தெரியாமல் அழுத்திவிட்டால், அந்த 5 விநாடிக்குள் மறுபடி அழுத்தி ரத்து செய்துகொள்ளலாம். மனிதக் கை தவறும் என்று தெரிந்து வைத்த அவகாசம். சரி, வி.எம்.மில் ஸ்லாட்டும் இல்லை, பட்டனும் இல்லை, அழுத்த விரலும் இல்லை. அங்கே என்ன நடக்கும் தெரியுமா?

அங்கேயும் பட்டன் அழுத்தப்படுகிறது! நிஜமாகவே! பி.சி.ஐ. எக்ஸ்பிரஸின் சொந்த ஹாட் பிளக் முறையில் ஓடும்போது, கே.வி.எம்.மோடு சேர்ந்து வி.எம்.முக்குச் சாதனங்களைத் தரும் கியூஇஎம்யு என்ற மென்பொருள் இல்லாத பட்டனை அழுத்துகிறது. உள்ளே இருக்கும் லினக்ஸ், 'ஸ்லாட்டில் பட்டன் அழுத்தப்பட்டது' என்று தன் பதிவேட்டில் எழுதிக்கொள்கிறது. இல்லாத விளக்கைச் சிமிட்டச் சொல்கிறது. யாரும் பார்க்காத அந்த விளக்குக்காக 5 விநாடி பொறுமையாகக் காத்திருக்கிறது! பிறகுதான் கார்டை விடுகிறது. இதை முதன்முதலில் பதிவேட்டில் என் கண்ணால் பார்த்தபோது, அந்த 5 விநாடியும் நான் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தேன். ஆவடி, பூந்தமல்லி பக்கம் பொறியியல் படிக்கும் பிள்ளைகள் யார் வேண்டுமானாலும் தங்கள் லேப்டாப்பிலேயே இதைச் செய்து பார்க்கலாம். ஒரு காசு செலவில்லை.

அதிலேயே இன்னொன்றும் புரியும். வெளியிலிருந்து 'கழற்று' என்று சொல்வது கட்டளை கிடையாது, வேண்டுகோள்! கே.வி.எம்.மை நிர்வகிக்கும் லிப்வெர்ட்டில் ஒரு கழற்றும் கட்டளை கொடுத்தால், 'கழற்றும் கோரிக்கை அனுப்பப்பட்டது' என்றுதான் பதில் வரும். 'கழன்றுவிட்டது' என்று வராது. உள்ளே இருக்கும் ஓ.எஸ். சரி என்று கையெழுத்துப் போட்ட பிறகே சாதனம் போகும். டிஸ்க்கில் ஏதாவது ஃபைல் திறந்திருந்தால் விண்டோஸ் முடியாது என்று மறுத்துவிடும். ஓ.எஸ். இன்னும் தூக்கத்திலிருந்து எழவில்லை, பூட் ஆகிக்கொண்டிருக்கிறது என்றால், கதவைத் தட்டினாலும் பதில் இருக்காது. ஓனர் நினைத்த மாத்திரத்தில் குடித்தனக்காரர் வீட்டு பீரோவைத் தூக்கிப் போக முடியாது, பாருங்கள். அவசரப்பட்டு, பதில் வருவதற்குள் அந்த டிஸ்க்கை வேறு வி.எம்.முக்குக் கொடுத்தால் டேட்டா நாசம்.

சரி, குடித்தனக்காரர் வில்லங்கமானவராக இருந்தால்? இதற்கு நிஜமாகவே ஒரு கதை இருக்கிறது, 2011-ல் நடந்தது. நெல்சன் எல்ஹேஜ் என்ற பாதுகாப்பு ஆய்வாளர், அந்தப் பழைய 440எஃப்எக்ஸ் பாணி வி.எம்.மில் ஹாட் பிளக் எப்படி நடக்கிறது என்று துருவிப் பார்த்தார். சாதனத்தை வெளியேற்ற, உள்ளிருக்கும் ஓ.எஸ். 'ஏ-ஈ-பூஜ்யம்-எட்டு' என்ற எண்ணுள்ள போர்ட்டில் எந்த ஸ்லாட் என்று எழுதும். அவர் கேட்ட கேள்வி எளிமையானது. கழற்றவே கூடாத சாதனத்தின் ஸ்லாட்டை எழுதினால் என்ன ஆகும்?

கழன்றுவிட்டது! 'இது கழற்றக்கூடியதுதானா?' என்று மென்பொருள் கேட்கவேயில்லை. போனது, பழைய பாணிச் சாதனங்களை இணைக்கும் ஐ.எஸ்.ஏ. பிரிட்ஜ். அதோடு தொங்கிக்கொண்டிருந்த கணினியின் கடிகாரமும் சேர்ந்து போனது. ஆனால் அந்தக் கடிகாரத்துக்காக ஓனர் பக்கம் வைத்திருந்த டைமர் மட்டும் அப்படியே ஓடிக்கொண்டிருந்தது! அடுத்த முறை அது டிக் என்று அடிக்கும்போது, கடிகாரம் இருந்த வெற்றிடத்தைப் போய்த் தொடும். அந்த வெற்றிடத்தில் முன்கூட்டியே தன் சரக்கை நிரப்பி வைத்தால், ஓனர் வீட்டிலேயே தன் கட்டளையை ஓட வைக்கலாம். அவர் அதைச் செய்தே காட்டினார்! சுவர்க் கடிகாரத்தைக் கழற்றினால் பின்னால் ஓட்டை, ஓட்டை வழியாகப் பார்த்தால் ஓனர் வீட்டுக் கூடம். அந்த ஆகஸ்ட்டில் லாஸ் வேகாஸின் பிளாக் ஹேட் மாநாட்டில் அவர் இதை விளக்கியபோது ஓட்டை அடைபட்டிருந்தது. அடைத்த விதம்? கழற்றுவதற்கு முன் 'இது கழற்றக்கூடியதா?' என்று கேட்கும் ஒரு சோதனை! இத்தனை பெரிய சுவருக்கு இவ்வளவு சின்னக் கேள்வி காவல் நின்றிருக்க வேண்டும் என்பதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் சிலிர்க்கிறது.

வெளியேற்ற வேண்டியதை வெளியேற்றாமல் விட்டாலும் ஆபத்துதான். 2015 மே 13 அன்று 'வெனம்' என்று பெயரிட்ட ஓட்டை வெளியானது. எதில் தெரியுமா? மெய்நிகர் ஃபிளாப்பி டிரைவில்! ஃபிளாப்பியை யார் தொட்டு எத்தனை வருஷம் ஆகிறது! ஆனால் அந்த நிரல் 2004-லிருந்து கியூஇஎம்யுவுக்குள் படுத்திருந்தது. நிர்வாகி ஃபிளாப்பியை எடுத்துவிட்டேன் என்று நினைத்தாலும், அதைக் கட்டுப்படுத்தும் பாகம் உள்ளே உயிரோடுதான் இருந்தது. விஎம்வேரின் பாதுகாப்பு வழிகாட்டியும் இதைத்தான் சொல்லிவந்திருக்கிறது. பயன்படாத ஃபிளாப்பி, சீரியல் போர்ட் எல்லாவற்றையும் எடுத்துவிடு, சாதாரணப் பயனர் உள்ளிருந்து சாதனங்களை இணைக்கவோ துண்டிக்கவோ முடியாதபடி பூட்டு.

லினக்ஸ் சர்வர் பார்க்கிறவர்கள் தினமும் தட்டச்சும் ஒரு பெயருக்குள்ளேயே ஹாட் பிளக் ஒளிந்திருக்கிறது, கவனித்திருக்கிறீர்களா? விஎம்வேரில் நெட்வொர்க் கார்டின் பெயர் 'இ-என்-எஸ்-192' என்று வரும். முதல் இரண்டு எழுத்து ஈதர்நெட். அந்த 'எஸ்' எதற்கு? ஹாட் பிளக் ஸ்லாட் எண்ணைக் குறிக்க! 2013-ல் வந்த சிஸ்டம்-டி பெயரிடும் முறை இது. பழைய 'எத்-பூஜ்யம்', 'எத்-ஒன்று' போய் ஸ்லாட் எண்ணே பெயரானது. அதனால்தான் ஹாட் பிளக் ஏற்பாட்டைத் தொட்டால் சில நேரம் கார்டின் பெயரே மாறிப்போகும். 2021-ல் கியூஇஎம்யு 6.1, புதிய கியூ35 வகை மெஷின்களில் ஹாட் பிளக் செய்யும் முறையை மாற்றியபோது அப்படித்தான் ஆனது. பூட்டுப் போடப் போகிறவர்கள் பெயர்ப் பலகையையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவும் நேற்றைய கண்டுபிடிப்பு என்று நினைத்தால், ஐ.பி.எம். சிரிக்கும்! 1972 ஆகஸ்ட் 2 அன்று அறிவிக்கப்பட்ட வி.எம்./370 அமைப்பிலேயே, ஆபரேட்டர் 'அட்டாச்' என்று தட்டினால் நிஜ டேப் டிரைவ் ஒன்று ஒரு பயனரின் மெய்நிகர் கணினியோடு ஒட்டிக்கொள்ளும். 'டிடாச்' என்றால் விலகும். அப்போது ஆவடியில் விஜயந்தா டாங்குகள் உருவாகிக்கொண்டிருந்த காலம்! யார் எதை ஒட்டலாம், யார் எதைக் கழற்றலாம் என்ற அதிகாரப் பிரிவும் அந்த ஐ.பி.எம். அமைப்பிலேயே இருந்தது. மேசைக் கணினி உலகம் அந்த இடத்துக்கு வர இன்னும் கால் நூற்றாண்டு ஆனது. 1998 ஏப்ரலில் சிகாகோவின் காம்டெக்ஸ் கண்காட்சி மேடையில், பில் கேட்ஸ் பக்கத்தில் நிற்க, விண்டோஸ் 98-ல் ஒரு ஸ்கேனரைச் செருகிக் காட்டினார்கள். செருகிய உடனே நீலத் திரை! ஓடுகிற கணினியில் ஒன்றை மாட்டுவது எவ்வளவு கடினம் என்பதை உலகமே நேரில் பார்த்தது.

மெமரி விஷயம் இன்னும் விசித்திரம். கூட்டுவது சுலபம், குறைப்பது பகீரதப் பிரயத்தனம்! ஏன்? வீட்டுக்குள் நாற்காலியை நகர்த்தலாம், கட்டிலை நகர்த்தலாம். சுவரில் பதித்துக் கட்டிய அலமாரியை நகர்த்த முடியுமா? ஓ.எஸ். தன் சொந்த உபயோகத்துக்கு வைத்திருக்கும் பக்கங்கள் அந்த அலமாரி மாதிரி. மெமரித் துண்டு ஒன்றில் அப்படி ஒரே ஒரு பக்கம் மாட்டிக்கொண்டிருந்தாலும் அந்தத் துண்டு முழுதும் வெளியே வராது. அதனால் கெட்டிக்காரர்கள் வேறு வழி கண்டார்கள், பலூன்! வி.எம்.முக்குள் ஒரு பலூன் டிரைவரை வைத்து ஊதுகிறார்கள். பலூன் பெருக்கப் பெருக்க உள்ளே இடம் குறையும், பலூன் பிடித்த இடத்தை ஓனர் எடுத்து இன்னொரு போர்ஷனுக்குக் கொடுத்துவிடுவார்! கார்ல் வால்ட்ஸ்பர்கர் 2002-ல் விஎம்வேருக்காக எழுதிய ஆய்வுக் கட்டுரையில் இந்தப் பலூன் வருகிறது. 2020-ல் லினக்ஸ் 5.8-ல் 'வெர்ட்டியோ-மெம்' வந்து, சின்னச் சின்னத் துண்டாக மெமரியைக் கூட்டவும் குறைக்கவும் வழி செய்தது. பிராசஸரையும் ஓட ஓடக் கூட்டலாம், ஆனால் ஓசியில் வரும் வசதி இல்லை. விஎம்வேரின் பல பதிப்புகளில் அந்த வசதியைத் திறந்துவைத்தாலே, எந்த பிராசஸருக்கு எந்த மெமரி பக்கத்தில் இருக்கிறது என்ற வரைபடம் வி.எம்.முக்குத் தெரியாமல் போகும். பெரிய டேட்டாபேஸ்களில் அது வேகத்தைத் தின்னும். தேவையில்லாத இடத்தில் திறந்து வைக்காதீர்கள் என்று நான் போகிற இடமெல்லாம் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

இன்னும் ஒன்று சொல்லாமல் விட மனசு வரவில்லை. ஓடிக்கொண்டிருக்கும் வி.எம்.மை அப்படியே தூக்கி வேறு சர்வருக்கு மாற்றலாம் என்பது பலருக்குத் தெரியும். ஆனால் வேகத்துக்காக நிஜ நெட்வொர்க் கார்டின் ஒரு துண்டையே நேரடியாகக் கையில் பிடித்திருக்கும் வி.எம்.மை எப்படித் தூக்குவது? இரும்பு அந்த சர்வரோடு அல்லவா முடுக்கப்பட்டிருக்கிறது! வீடு மாற்றும்போது போர்வெல் மோட்டாரைக் கழற்றிக்கொண்டு போக முடியாது. கிளம்புகிற அன்றைக்குக் குடத்துத் தண்ணீரில் சமாளித்து, புது வீட்டில் வேறு மோட்டாரில் குழாயைத் திறப்போம். வி.எம்.மும் அதையே செய்கிறது! கிளம்பும் முன் நிஜக் கார்டை ஓட ஓடக் கழற்றிவிடுகிறார்கள். போக்குவரத்து முழுதும் சட்டென்று மெதுவான மெய்நிகர் கார்டுக்குத் தாவுகிறது. வி.எம். இடம் மாறுகிறது. புது சர்வரில் வேறொரு நிஜக் கார்டு ஓட ஓட மாட்டப்படுகிறது, போக்குவரத்து திரும்பத் தாவுகிறது. இணைப்பு அறுவதே இல்லை! 2018-ல் லினக்ஸ் 4.18 இதற்கென்றே ஒரு டிரைவரைச் சேர்த்தது. அதாவது, எந்த வசதியை என் சர்வர்களில் நான் பூட்டச் சொல்கிறேனோ, அதே வசதிதான் மேக உலகத்தை நிற்காமல் ஓட வைக்கிறது. பூட்டு குடித்தனக்காரர் பக்கத்துக் கதவில் இருக்க வேண்டும், சாவி ஓனரிடம் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

கே.வி.எம். உலகில் அந்தப் பூட்டு எப்போது வந்தது தெரியுமா? 2020-ல்! ஒவ்வொரு பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் ஸ்லாட்டுக்கும் 'ஹாட்பிளக் ஆஃப்' என்று எழுதும் வசதி கியூஇஎம்யு 5.0-ல் வந்தது. அடுத்த மாதமே லிப்வெர்ட் 6.3-லும் வந்துவிட்டது. அதற்கு முன்பும் ஒரு கைவைத்தியம் இருந்தது. கியூ35 வகை மெஷினில், ஸ்லாட்டில் மாட்டாமல் சாதனத்தை நேராக மூல பஸ்ஸிலேயே ஒட்டிவிட்டால் அது கழற்ற முடியாததாகிவிடும், பற்ற வைத்த மாதிரி! இப்போது ஸ்லாட் ஸ்லாட்டாகத் தீர்மானிக்கலாம். நெட்வொர்க் கார்டு இருக்கும் ஸ்லாட்டைப் பூட்டு, டிஸ்க் சேர்க்க இரண்டு காலி ஸ்லாட்டைத் திறந்து வை. ப்ராக்ஸ்மாக்ஸ் என்ற மெய்நிகராக்க மென்பொருளில் நெட்வொர்க், டிஸ்க், யு.எஸ்.பி. மூன்றும் எடுத்த எடுப்பிலேயே திறந்துதான் இருக்கும், நாம்தான் போய்ப் பார்க்க வேண்டும். விர்ச்சுவல்பாக்ஸ் என்ற ஹைப்பர்வைசரில் நேர்மாறு. டிஸ்க்குக்குப் பக்கத்தில் 'ஹாட் பிளக்கபிள்' என்ற சின்னக் கட்டத்தை நாமே டிக் செய்தால்தான் திறக்கும். மைக்ரோசாஃப்டின் ஹைப்பர்-வியில் நெட்வொர்க் கார்டை ஓட ஓட மாற்றும் வசதி 2016 பதிப்பில், இரண்டாம் தலைமுறை வி.எம்.களுக்கு வந்தது.

நாளைக்கு ஆபீஸ் போனதும் ஒன்று செய்யுங்கள். விஎம்வேரில் ஓடும் ஏதாவது விண்டோஸ் வி.எம்.மில் நுழைந்து, கடிகாரத்துக்குப் பக்கத்தில் மேல்நோக்கிய அம்புக்குறியை அழுத்துங்கள். யு.எஸ்.பி. பிளக் படம் போட்ட ஐகான் இருக்கிறதா? இருந்தால் அதை ஒரே ஒருமுறை சொடுக்கி, வருகிற பட்டியலைப் படிக்க மட்டும் செய்யுங்கள். கை வேறெங்கும் படக் கூடாது! அதில் 'ஈதர்நெட் அடாப்டர்' என்று முடியும் பெயரைப் பார்த்தால், வெளியே சொடுக்கிப் பட்டியலை மூடிவிட்டு, சர்வர் பார்ப்பவரிடம் போய்ச் சொல்லுங்கள். அடுத்த முறை சர்வரை நிறுத்தி எழுப்பும் நாளில் அந்த ஒரு வரியை அவர் சேர்த்துவிடுவார்.